பீரங்கிக் குதிரையும் 19 வயசு டிரைவரும்: நாவலுக்கு விவரம் தேவை

மைக்கூடு எழுதியது:

வணக்கம். முதல் உலகப் போரை வைத்து ஒரு சிறு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் பிரான்ஸ், பெல்ஜியம். காலம் 1916 கடைசியிலிருந்து 1919 வரை. நாயகன் பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் குதிரை ஓட்டும் பையன், வயது 16. அவனுக்கும் அவன் குதிரைக்கும் உள்ள நெருக்கம்தான் முழுக்கதையும். போர் விவரம் ஓரளவு படித்திருக்கிறேன். குதிரை விஷயத்தில்தான் இடறுகிறது.

இப்போதைக்கு எழுதி வைத்திருக்கும் ஐந்து காட்சிகள் இவை:

1. பல நாள் பிரிவுக்குப் பிறகு பையன் நேரே ஓடிவந்து குதிரையின் நெற்றியில் தன் நெற்றியை வைத்து அழுகிறான்.
2. சேற்றில் நடந்து வந்த குதிரையின் கால்களை ராத்திரி வாளித் தண்ணீர் ஊற்றிச் சுத்தமாகக் கழுவிவிட்டுத் தூங்கப் போகிறான்.
3. விஷவாயு வரும்போது தன் முகமூடியைக் கழற்றிக் குதிரைக்கு மாட்டுகிறான்.
4. குதிரை காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், மூன்று மாதம் கழித்து அவனிடமே திரும்பி வருகிறது.
5. போர் முடிந்து இருவரும் ஒரே கப்பலில் ஊர் திரும்புகிறார்கள்.

இதில் எது நடக்கும், எது நடக்காது? தயவுதாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

---

இடத்தான் எழுதியது:

அஞ்சுமே இப்படியே நிற்காது. ஆனால் நிஜத்தில் இருந்தது நீங்கள் எழுதியதைவிடக் கதைக்கு வசதியானது, அதனால் மனம் தளர வேண்டாம்.

முதலில் வயது. சட்டப்படி 18 ஆனால்தான் சேர முடியும், 19 ஆனால்தான் கடல் தாண்டி அனுப்புவார்கள். 1914, 15இல் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த பையன்கள் ஏராளம். 1916க்குப் பிறகு பெற்றோர் பிறப்புச் சான்றைக் காட்டிக் கேட்டால் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். ஆக, 16 வயதுப் பையன் 1916 முடிவில் களத்தில் இருந்தால் அவன் பொய் சொல்லிச் சேர்ந்தவன், அவனைத் தேடி வீட்டில் யாரும் எழுதவும் இல்லை என்று அர்த்தம். அந்தக் காரணத்தைக் கதையில் சொல்லியாக வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் பேசாமல் 19 ஆக்கிவிடுங்கள்.

அடுத்தது அவன் வேலை. பீரங்கிப் படையில் ‘டிரைவர்’ என்பது வேலையின் பெயர் மட்டுமல்ல, காலாட்படையில் ‘பிரைவேட்’ என்பதுபோல அதுவே அவனுடைய பதவிப் பெயரும். வாசகர்கள் லாரி என்று நினைத்துவிடுவார்கள், முதல் பக்கத்திலேயே தெளிவாக்கிவிடுங்கள்.

18 பவுண்டர் (18 பவுண்டு எடைக் குண்டு வீசும்) பீரங்கியை இழுக்க ஆறு குதிரை, மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு டிரைவர். வண்டிப் பெட்டியில் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. இடப்பக்கக் குதிரைமேல் ஏறிக்கொண்டு வலப்பக்கக் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டே போக வேண்டும். மாட்டுவண்டியில் இடத்தான், வலத்தான் என்போமே, அந்தக் கணக்குத்தான். (என் புனைபெயரும் அங்கிருந்து எடுத்ததுதான்.) அதனால் உங்கள் பையனுக்கு ‘அவன் குதிரை’ என்று ஒன்று கிடையாது, எப்போதும் இரண்டு. ஒன்றின் முதுகு அவனுக்குத் தெரியும். மற்றதன் முகம் தெரியும், ஏனென்றால் நாள் முழுக்க அதன் தலை அவனுக்கு வலப்பக்கம் சற்று முன்னாலேயே ஆடிக்கொண்டு வரும். அவன் ஒரு நாளும் ஏறாத அந்த வலத்தான்மேல் அதிகப் பாசம் என்று வைத்துப் பாருங்கள், கதை எங்கேயோ போய்விடும்.

மூன்று ஜோடிக்கும் குணம் வேறு. முன் ஜோடிக்குத் துணிச்சல் வேண்டும், எதைக் கண்டும் ஒதுங்காமல் பாதை பிடித்துப் போக வேண்டும். பீரங்கியை ஒட்டிய ஏர்க்கால் ஜோடி கனத்த உடம்புக்காரக் குதிரைகள். சரிவில் பாரம் முன்னால் தள்ளும்போது பின்னால் சாய்ந்து தாங்குவது அவைதான். பீரங்கியும் முன்வண்டியும் குண்டுகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 2 டன். நடு ஜோடி பெரும்பாலும் புதுக் குதிரை, புது டிரைவர் பழகும் இடம். டிரைவரின் வலது காலில் மட்டும் இரும்புப் பட்டை வைத்த ஒரு காப்பு இருக்கும், இரண்டு குதிரைக்கும் நடுவே, அல்லது ஏர்க்காலில், கால் நசுங்காமல் இருக்க. ஒரு காலில் மட்டும் அது தேய்ந்து பளபளக்கிற மாதிரி ஒரு வரி போட்டால் விஷயம் தெரிந்தவர்கள் அங்கேயே உங்களை நம்பிவிடுவார்கள்.

இன்னொன்று: பீரங்கி இருக்கும் இடத்தில் குதிரை நிற்காது. பல கிலோமீட்டர் பின்னால் குதிரை வரிசை. டிரைவர்கள் அங்கேதான் வாழ்ந்தார்கள், ராத்திரியில் குண்டு ஏற்றிக்கொண்டு முன்னால் போய் இறக்கிவிட்டு விடிவதற்குள் திரும்புவார்கள். 1917இல் பெல்ஜியத்தில் ஈப்ரே பக்கம் சேறு சக்கரத்தையே விழுங்கியபோது வண்டியை விட்டுவிட்டுக் குதிரை முதுகிலேயே, பக்கத்துக்கு நாலாக 8 குண்டு தொங்கவிட்டு நடத்திக் கூட்டிப் போனார்கள். அப்போது டிரைவரும் நடைதான். பலகைப் பாதையிலிருந்து ஒரு கால் பிசகினால் குதிரை வயிறுவரை இறங்கிவிடும். அதற்கப்புறம் கயிறு போட்டு இழுத்தும் வராவிட்டால் துப்பாக்கிதான்.

நெருக்கம் எங்கே உண்டாயிற்று என்று கேட்டால், தேய்ப்பில். ஒரு நாளைக்கு மூன்று வேளை தண்ணீர், தீவனம், தேய்ப்பு. இரண்டு குதிரையை ஒழுங்காகத் தேய்த்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் முதலில் குளம்பு: குத்தூசியால் குதிகாலிலிருந்து நுனியைப் பார்த்துச் சேற்றையும் கல்லையும் எடுக்க வேண்டும், எதிர்த்திசையில் இழுத்தால் குளம்பின் நடுவே இருக்கும் மெத்தென்ற முக்கோணத்தில் குத்திவிடும். பிறகு முரட்டு நார்ப் பிரஷ்ஷால் காய்ந்த சேறு. பிறகு மென்மயிர்ப் பிரஷ், உடம்பின் முழு பாரத்தையும் அதன்மேல் சாய்த்து. மற்றக் கையில் இரும்புச் சீப்பு, அது குதிரைக்கு இல்லை, நாலு இழுப்புக்கு ஒரு தடவை பிரஷ்ஷைச் சுத்தம் பண்ண. கடைசியில் வைக்கோலை முறுக்கிக் கட்டிய திரியால் கழுத்து, தோள், தொடைச் சதையில் தட்டித் தேய்ப்பது, ரத்தம் ஓட. கண், மூக்கு, வால் அடிக்கு ஈரப் பஞ்சு. அதிகாரி வந்து வெள்ளைக் கைக்குட்டையால் தடவிப் பார்த்துவிட்டுத் திட்டுகிற காட்சி வேண்டுமானால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் காட்சி: குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரம் பார்வை கிடையாது, வாலுக்கு நேர் பின்னாலும் கிடையாது. மற்றபடி ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நேரே ஓடிவந்து முகத்தில் மோதினால் தலையைத் தூக்கும், கட்டுக்கயிறு இறுகும், பக்கத்துக் குதிரைகளும் மிரளும். மூன்று வருஷம் குதிரையோடு கிடந்தவன் அப்படிச் செய்யவே மாட்டான். தூரத்திலேயே குரல் கொடுப்பான், இடது தோள் பக்கமாக வருவான், கையை முதலில் கழுத்தின் அடியில் வைப்பான். அழ வேண்டுமானால் அங்கே நின்று அழட்டும்.

---

குளம்புக்கத்தி எழுதியது:

இடத்தான் சொன்னதோடு உடன்படுகிறேன். உடம்பு பற்றிய விஷயங்களை மட்டும் நான் சேர்க்கிறேன்.

குதிரைக்கு மனிதன்மேல் பிடிப்பு வருவது தியாகத்தால் இல்லை, ஒழுங்கால். அதே ஆள், அதே குரல், அதே நேரத்துத் தண்ணீர். தெரிந்த ஆளின் குரலையும் முகத்தையும் சேர்த்து அடையாளம் காணும் திறன் அதற்கு உண்டு, பிரிந்து பல மாதம் ஆனாலும் அந்த நினைவு போவதில்லை. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் அந்த மேடு. அந்த இடத்தில் மனிதன் கையால் சொறிந்தால் குதிரையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று 1993இல் வெளியான ஆய்வு ஒன்றே இருக்கிறது. பையன் மூக்கைத் தடவுவதாக எழுதாதீர்கள், அந்த மேட்டைச் சொறியட்டும். சரியான இடம் கிடைத்தால் மேலுதடு நீண்டு துடிக்கும், கழுத்து தொங்கும், சில நேரம் பதிலுக்கு அவன் முதுகுச் சட்டையைக் கோத ஆரம்பிக்கும். அது பல்லால், வலிக்கும்.

குதிரை எதிரே ஆள் வந்ததும் பெரிதாகக் கனைப்பதாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். தெரிந்தவனைக் கண்டால் வாயைத் திறக்காமல் மூக்குக்குள் அதிரும் தாழ்ந்த சத்தம்தான் வரும். தீவன நேரத்தில் வருவதும் அதே சத்தம்தான். தன்னைக் கண்டா, பையைக் கண்டா என்று பையனுக்குக் கடைசிவரை தெரியாது. நீங்களும் தெரியவைக்காதீர்கள்.

தூக்கம். நின்றபடி கண்ணயர முடியும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குக் குதிரை படுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குள்தான் அது, அதுவும் பாதுகாப்பு என்று தோன்றினால் மட்டும். முழங்கால் சேற்றில், கயிற்றில் கட்டிய வரிசையில், அது படுக்காது. பல நாள் படுக்காத குதிரை நின்றபடியே முன்னங்கால் மடங்கிச் சரிந்து, திடுக்கிட்டு எழும். பையன் காய்ந்த இடம் தேடி இடிந்த செங்கல்லையும் குப்பைக் கம்பையும் போட்டு நிலத்தை மேடாக்குகிறான், மூன்றாம் ராத்திரி அது படுக்கிறது என்றால் உங்கள் ஐந்து காட்சியையும்விட அது பெரியது. வீரர்கள் குதிரை வரிசைக்குச் செங்கல் சுமந்து தளம் போட்டது உண்மையாகவே நடந்த வேலை.

தீவனம். பிரிட்டிஷ் அளவு, சாதாரண இழுவைக் குதிரைக்கு நாளொன்றுக்கு 12 பவுண்டு ஓட்ஸ் (சுமார் 5.5 கிலோ), 10 பவுண்டு உலர்புல் (சுமார் 4.5 கிலோ). தண்ணீர் 30 முதல் 40 லிட்டர். தாளில் இருந்த அளவு இது, கப்பல் தட்டுப்பாட்டால் போகப் போகக் குறைந்தது. தண்ணீர் காட்டிய பிறகே தீவனம் என்பது அன்றைய படை விதி. குதிரையின் வயிறு சின்னது, அதனால் மூன்று நாலு தடவையாகப் பிரித்துப் போட வேண்டும். பசியில் மெல்லாமல் விழுங்கும், அதைத் தடுக்கப் பொடியாக நறுக்கிய வைக்கோலைக் கலப்பார்கள். இல்லாவிட்டால் வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது, மண்ணைக் காலால் கீறுவது, படுத்துப் புரள்வது இதெல்லாம் அறிகுறி.

தீவனப் பையை மூக்கில் மாட்டிவிட்டு மறந்துபோவது பெரிய தப்பு. பையோடு தண்ணீருக்குள் தலையை விட்டால் பை நிறைந்து அப்படியே மூழ்கி மூச்சுமுட்டிச் சாகும். புது டிரைவருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

பசி எப்படி இருந்தது என்பதற்கு: பக்கத்துக் குதிரையின் வாலையும் பிடரியையும் மென்றன, போர்வையைத் தின்றன, கட்டிய கயிற்றைக் கடித்தே அறுத்தன. வால் முடி மொட்டையான குதிரையைக் கண்டால் அதற்குப் பின்னால் கட்டியிருந்தது எது என்று பாருங்கள்.

இரண்டாவது காட்சிக்கு வருகிறேன். காலைக் கழுவிவிட்டுத் தூங்கப் போனால் பையன் குதிரைக்குத் துரோகம் செய்கிறான். ஈரக்காலோடு குளிரில் நின்றால் குதிகால் குழியில் தோல் வெடித்துச் சீழ் பிடிக்கும், நடக்க முடியாது. சேற்றை அப்படியே விட்டு, வைக்கோல் கொண்டு துடைத்து, முடிந்தால் வைக்கோலையே காலில் சுற்றிக் கட்டி, காய்ந்த பிறகு காலையில் பிரஷ் போடுவதுதான் முறை. பாசத்தில் கழுவிவிட்டு மறுநாள் சார்ஜென்ட்டிடம் திட்டு வாங்கினான் என்று மாற்றினால் காட்சி தப்பிக்கும்.

சேணப் புண். வேர்க்க வேர்க்க வந்த குதிரையின் சேணத்தை உடனே கழற்றக் கூடாது. வயிற்றுக் கச்சையை இரண்டு துளை தளர்த்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்துத்தான். கழற்றிய கையோடு முதுகில் உள்ளங்கையால் தட்ட வேண்டும், நசுங்கிக் கிடந்த இடத்தில் ரத்தம் திரும்ப. குதிரை இளைக்க இளைக்கச் சேணம் கீழே இறங்கி முதுகு மேட்டில் உட்காரும், அங்கேதான் புண் வரும். நல்ல டிரைவர் வாரத்துக்கொரு முறை கையை உள்ளே விட்டுப் பார்த்து அடிக்கம்பளியை ஒரு மடிப்பு கூட்டுவான். கம்பளியில் ஒரே ஒரு சுருக்கம், நாலு மணி நேரம், முழங்கை அளவு புண்.

ஆணி. இதை யாரும் கதையில் எழுதுவதில்லை, ஆனால் நொண்டியதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். சமையல்காரர்கள் மரப்பெட்டிகளை உடைத்து எரித்தார்கள், சாம்பலைப் பாதைக் குழியில் கொட்டினார்கள், சாம்பலோடு ஆணியும் போயிற்று. குளம்பின் மெத்தென்ற பகுதியில் ஏறினால் மூட்டுவரை சீழ் போகும். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி நாலு குளம்பையும் தூக்கிப் பார்ப்பது டிரைவரின் கடமை, இரண்டு குதிரைக்கு எட்டு. எதிரியின் குண்டைவிடத் தன் படைச் சமையல்காரன்மேல் பையனுக்கு அதிகக் கோபம் இருக்கட்டும்.

நீங்கள் 1916–17 குளிர்காலத்தில் தொடங்குவதால் சொறியையும் சொல்ல வேண்டும். சொறிப் பூச்சி பரவாமல் இருக்கக் குதிரைகளின் முடியை ஒட்டச் சிரைத்தார்கள். அந்தக் குளிரோ கொடுமையானது, ஏப்ரல் 1917இல் அராஸ் தாக்குதலின்போதும் பனி பெய்தது, ஓட்ஸும் குறைக்கப்பட்டிருந்தது. சிரைத்த குதிரைகள் குளிரிலும் களைப்பிலும் கொத்துக்கொத்தாகச் செத்தன. தன் குதிரையின் குளிர்கால முடியைத் தன் கையாலேயே சிரைத்தவன் உங்கள் பையன்.

---

மைக்கூடு எழுதியது:

நன்றி, நன்றி. முதல் இரண்டு அத்தியாயம் குப்பைக்குப் போகிறது, மகிழ்ச்சியாகவே. வாயு, ஆஸ்பத்திரி, கடைசி முடிவு, இந்த மூன்றும் பாக்கி. நான்காவது காட்சியை விட மனசு வரவில்லை.

---

பழஞ்சுவடி எழுதியது:

வாயுவிலிருந்து தொடங்குகிறேன். மனித முகமூடியில் பல்லால் கடித்துக்கொள்ளும் குழாயும் மூக்குக்குக் கிளிப்பும் இருந்தன, மூச்சு வாய் வழியாக. குதிரையால் வாய் வழியாக மூச்சு விடவே முடியாது, மூக்கு மட்டுந்தான். ஆகவே மூன்றாவது காட்சி அளவு பொருந்தாத பிரச்சினை இல்லை, அடிப்படையே ஒவ்வாது. தவிர, முகமூடியைக் கழற்றியவன் அடுத்த காட்சியில் இருக்க மாட்டான்.

குதிரைக்கென்றே தனி முகமூடி இருந்தது. மருந்தில் நனைத்த ஃபிளானல் துணியில் இரண்டு அடுக்குப் பை. மேல்தாடையையும் மூக்கையும் மூடும், உள்ளே கடிக்க ஒரு கித்தான் பட்டை, மேலே இழுத்துக் கட்ட நாடா. கடிவாளத்தைக் கழற்றாமலே மாட்டலாம். கண்ணுக்குப் பாதுகாப்பு இல்லை, கண்ணீர்ப் புகையைக் குதிரை மனிதனைவிட நன்றாகத் தாங்கும் என்பதால் விட்டுவிட்டார்கள். வந்த சிக்கல் வேறு: மூக்கில் பை மாட்டினால் அது தீவனப் பை என்று நினைத்து மென்று கிழித்தன. பையை மாட்டிவிட்டு, தின்னவிடாமல் தாடையைப் பிடித்துக்கொண்டு, ஏமாந்துபோன இரண்டு குதிரையோடு இருட்டில் நிற்பதுதான் நிஜக் காட்சி. பையனின் முகமூடிக் கண்ணாடி வேர்த்திருக்கும், பேச முடியாது, பழகிய குரலைக் கொடுக்க முடியாது. கை மட்டும் இருக்கிறது. 1917 ஜூலையிலிருந்து கடுகு வாயுவும் வந்துவிட்டது. மண்ணில் கிடந்து காலையும் வயிற்றடியையும் வேகவைக்கும், அங்கே மேய்ந்தால் வாயையும். அதற்கு இந்தப் பை உதவாது.

ஆஸ்பத்திரி. குதிரை சிகிச்சை ஏற்பாடு பிரமாதமாகவே இருந்தது. கால்நடை மருத்துவப் படை போர் முழுக்க 25 லட்சம் முறைக்குமேல் விலங்குகளைச் சேர்த்துச் சிகிச்சை செய்தது, அதில் சுமார் 80 சதவீதம் மறுபடி வேலைக்குப் போயின. அதனால் குணமாகி வருவது நம்பக்கூடியதே. திரும்பும் இடம்தான் நம்ப முடியாதது. வழி இப்படி: படைப்பிரிவின் லாடப் பட்டறை, அங்கிருந்து நடமாடும் கால்நடைப் பிரிவு, ரயிலில் பின்களத்து ஆஸ்பத்திரி, பிறகு தேறும் முகாம், அப்புறம் குதிரைக் கிடங்கு. கிடங்கிலிருந்து எந்தப் பிரிவுக்கு எத்தனை தேவையோ அங்கே போகும். உயரம், வயது, வேலை வகை இதைப் பார்த்துப் பிரிப்பார்களே தவிர, பழைய டிரைவர் யார் என்று எந்தத் தாளிலும் இல்லை. டிரைவருக்குக் குதிரை ஒரு பெயர், படைக்குக் குளம்பில் சுட்ட ஓர் எண்.

விட மனசில்லை என்றால் ஒரு வழி: காயம் சின்னதாக இருந்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் பிரிவின் வரிசையிலேயே லாடக்காரர் வைத்துத் தேற்றியது என்று எழுதலாம். அப்படிச் சில நாள் ‘மறைத்து’ வைத்துக்கொள்வது நடக்கக்கூடியது. அனுப்பினால் போய்விடும் என்று டிரைவர்களுக்குத் தெரியும். ஆணி ஏறிய குளம்புக்கு வெந்நீரில் தவிட்டுக் கட்டு போட்டு, சாக்கால் சுற்றி, அணிவகுப்பில் அதைப் பின்வரிசையில் நிறுத்தினான் என்றால் அதில் பாசமும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. சீழ் உள்ளே போனால் தப்பு அவனுடையது.

ஐந்தாவது காட்சியில் எனக்கு இரக்கமில்லை. போர் முடிந்ததும் கால்நடை அதிகாரிகள் எல்லாக் குதிரைகளையும் வயது, உடல்நிலை பார்த்து வகை பிரித்தார்கள். நல்ல இளம் குதிரைகளில் ஒரு பகுதி பிரிட்டனுக்கு. பெரும்பகுதி பிரான்ஸ், பெல்ஜியம் உழவர்களுக்கு ஏலம். கிழடு, நொண்டி எல்லாம் கசாப்புக்கு. தன் சொந்தக் குதிரையைக் கொண்டுபோன அதிகாரிகளின் கதை உண்டு. தளபதி ஜாக் சீலியின் ‘வாரியர்’ 1914இல் போய், போர் முழுக்கப் பிழைத்து, ஊர் திரும்பி 1941வரை வாழ்ந்தது. ஆனால் அது தளபதியின் குதிரை. டிரைவரின் கையில் அந்தப் பணமும் இல்லை, அந்தச் செல்வாக்கும் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்து போன 1,36,000 சொச்சம் குதிரைகளில் திரும்பியது ‘சாண்டி’ என்ற ஒன்றே ஒன்று, அதுவும் கலிப்போலியில் காயம்பட்டு இறந்த ஒரு ஜெனரலின் குதிரை. நோய் பரவும் என்ற கவலையும் கப்பல் செலவும் காரணம்.

எகிப்தில் விற்றுவிட்டு வந்த குதிரைகள் என்ன ஆயின என்பது 1930இல் தெரிந்தது. டோரத்தி புரூக் என்ற அம்மையார் கெய்ரோ தெருக்களில் எலும்பும் தோலுமாக வண்டி இழுத்த கிழட்டுக் குதிரைகளின் உடம்பில் படை முத்திரையைக் கண்டார். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டி, மூன்றே வருஷத்தில் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். 1934இல் அவர் தொடங்கிய ஆஸ்பத்திரிதான் இன்றைக்கு இருக்கும் புரூக் அமைப்பு. உங்கள் நாவல் 1919இல் முடிகிறது, ஆனால் பின்னுரை எழுதும் எண்ணம் இருந்தால் இது கையில் இருக்கட்டும்.

---

ராத்திரிவாசகன் எழுதியது:

நாயகன் பிரிட்டிஷ் பையனாகத்தான் இருக்க வேண்டுமா? 1914 கடைசியிலிருந்து 1918 ஆரம்பம்வரை இந்தியக் குதிரைப்படை பிரான்ஸில் இருந்தது. அங்கே பல படைப்பிரிவுகள் ‘சில்லாதார்’ முறையில் இயங்கியவை. சேரும்போது சவார் (குதிரைப்படைச் சிப்பாய்) ஒரு தொகை கட்டுவான், அதற்குக் குதிரையும் சேணமும் அவன் பேரில் வரும். பாதிக் கடனாகக்கூட இருக்கும், சம்பளத்தில் பிடிப்பார்கள். அதாவது குதிரை அரசாங்கத்துடையது இல்லை, அவனுடையது. செத்தால் அவன் குடும்பத்துக்கும் அது இழப்பு. பாசத்தோடு சொத்துக் கணக்கும் கலந்த உறவு, உங்கள் டிரைவருக்கு இல்லாத ஒன்று. பெரும்போரில் மாற்றுக் குதிரைகளை அரசே கொடுக்க வேண்டி வந்து அந்த முறை நொறுங்கிப்போய், போருக்குப் பிறகு கைவிடப்பட்டது.

பாலஸ்தீனம் பக்கம் போனால் 1918 செப்டம்பர் 23, ஹைஃபா. ஜோத்பூர், மைசூர் ஈட்டிப் படைகள் இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே பாய்ந்து ஊரைப் பிடித்தன. வீரர்களில் இறந்தவர் 8, காயம் 34. குதிரைகளில் செத்தவை 60, காயம் 83. ஆளைவிடக் குதிரைக்கு எத்தனை மடங்கு என்று பாருங்கள். குண்டு முதலில் சந்திப்பது குதிரையின் நெஞ்சைத்தான்.

---

இடத்தான் எழுதியது:

ராத்திரிவாசகன் சொன்னது தனி நாவல், இதில் ஒட்டவைக்க வேண்டாம்.

பழஞ்சுவடி சொன்னதற்கு ஒரே ஒரு எதிர்வாதம். ஒரே அணியாகப் போர் முழுக்கப் பிழைத்த ஆறு கறுப்புக் குதிரைகள் உண்டு. 1920 நவம்பர் 11இல் லண்டனில் பெயர் தெரியாத போர்வீரரின் சவப்பெட்டி வைத்த பீரங்கி வண்டியை இழுத்தவை அவைதான். அபூர்வம், ஆனால் நடந்தது. கடைசி அத்தியாயத்தில் பையன் கூட்டத்தில் நின்று அந்த ஆறையும் பார்க்கலாம். அவனுக்கு ஏர்க்கால் ஜோடியின் தோளில் சேணம் உட்கார்ந்திருக்கும் விதம்தான் கண்ணில் படும்.

---

மைக்கூடு எழுதியது:

சரி, முடிவு செய்துவிட்டேன். வயது 19. இரண்டு குதிரை. 1917 கோடையில் இடத்தான் குதிரை ஆணி ஏறி ஆஸ்பத்திரி போகிறது, திரும்பவில்லை. வலத்தான் மட்டும் மிச்சம். கிடங்கிலிருந்து புதுக் குதிரை ஒன்று வருகிறது. அதை வலத்தானோடு ஜோடி சேர்ப்பது எப்படி? எத்தனை நாள் ஆகும்?

---

குளம்புக்கத்தி எழுதியது:

நல்ல முடிவு. முதல் இரண்டு நாள் வலத்தான்தான் தொல்லை கொடுக்கும், புதிது இல்லை. போன குதிரையைத் தேடித் தலையைத் தூக்கிக் கனைக்கும், இங்கே உரத்த கனைப்பு எழுதலாம். தீவனத்தைப் பாதியில் விடும். அதனால் அதைப் புதிய இடத்துக்கு மாற்றக் கூடாது, பழைய இடத்திலேயே நிற்கட்டும், புதியதை இடப்பக்கம், உதைக்கு எட்டாத தூரத்தில் கட்ட வேண்டும். கிடங்கிலிருந்து வந்த குதிரைக்குச் சளிக்காய்ச்சல் இருக்கலாம், மூக்கு ஒழுகுகிறதா, தாடைக்கு அடியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் பக்கத்தில் கட்டினால் வலத்தானும் போய்விடும்.

மூன்றாம் நாள் இரண்டையும் வெறுங்கயிற்றில் சேர்த்து நடத்த வேண்டும். காதைப் பின்னால் மடக்கினால் இன்னும் ஒரு நாள். பிறகு சேணம் போட்டு வெறும் நடை, பிறகு காலி வண்டி, பிறகுதான் பாரம். அவசரமில்லாத காலத்தில் ஒரு வாரம், பத்து நாள். 1917இல் அவ்வளவு கிடைக்காது, இரண்டாம் நாளே இழுக்கச் சொல்வார்கள். அப்போது முன் ஜோடியாகப் போடாமல் நடு ஜோடிக்கு மாற்றிக்கொள்ள டிரைவர் கெஞ்சிக் கேட்பான்.

வலத்தானை இடப்பக்கம் மாற்றி அதன்மேலேயே ஏறினால் என்ன என்று பையனுக்குத் தோன்றும். மாற்றினால் எதிர்ப்பக்கம் சாய்ந்தே இழுக்கும், வருஷக்கணக்கில் ஒரு பக்கமாக உடம்பு பழகியது. விட்டுவிடச் சொல்லுங்கள்.

தண்ணீர் காட்டப் போகும்போது வலத்தானை அரை உடம்பு முன்னால் விட வேண்டும். புதியது அதன் தோளைப் பார்த்துக்கொண்டே வரும், தொட்டியில் அது குடித்த பிறகு குடிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் தலையைத் தொட்டிக்குள் விடுகிற நாளிலிருந்து ஜோடி என்று சொல்லலாம்.